கோவளத்துக் கோட்டை யாருடையது?

சென்னையிலிருந்து தெற்கே கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோவளம், தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்குப் புதிய ஊரன்று. ஹஜ்ரத் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் தர்காவுக்கு ஜியாரத் செய்ய மக்கள் ஆண்டு முழுவதும் வருகின்றனர். நபிபெருமானார் (ஸல்) அவர்களின் தோழர் ஒருவர் இக்கரையில் அடங்கியுள்ளார் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. பரங்கிப்பேட்டையில் ஹஜ்ரத் உக்காஷா (ரலி) அவர்களைப் பற்றியும் இத்தகைய நம்பிக்கை உண்டு. ஜியாரத் முடித்தவர்கள் அப்படியே மாமல்லபுரம் சென்று பல்லவர் சிற்பங்களைக் கண்டு வீடு திரும்புவர். கோவளத்தில் ஒரு கோட்டை இருந்தது என்பதையே பலர் அறியார். அறிந்தவர்களும் அதை "ஒல்லாந்தர் கோட்டை" என்று சொல்லிவிடுகின்றனர். இந்தப் பெயர் வரலாற்றோடு பொருந்தவில்லை.

இங்கு வந்திறங்கியவர்கள் ஒஸ்டெண்டு வணிகர்கள். ஒஸ்டெண்டு என்பது வடகடலோரத்தில், இன்றைய பெல்ஜியம் நாட்டில் உள்ள மீன்பிடித் துறைமுகம். பெல்ஜியம் என்ற தனிநாடு பிறந்தது 1830-இல்தான். அதற்கு முன் அந்நிலம் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிக்கொண்டே இருந்தது. நெடுங்காலம் ஸ்பெயின் மன்னர்களிடம் இருந்து, 1714-இல் ஆஸ்திரிய அரச குடும்பத்தைச் சேர்ந்த பேரரசர் ஆறாம் சார்லசிடம் சென்றது. அம்மக்களில் ஒரு பகுதியினர் பேசும் பிளெமிஷ் மொழி, ஒல்லாந்தர் மொழியேதான். மொழி ஒன்றாயினும் வடக்கே ஒல்லாந்தர் சீர்திருத்தக் கிறிஸ்தவம் தழுவிய குடியரசினர். தெற்கே இவர்கள் கத்தோலிக்கர், பேரரசரின் குடிகள். பேச்சைக் கேட்டு இனத்தை முடிவு செய்ததால் நேர்ந்த குழப்பமே "ஒல்லாந்தர் கோட்டை" என்று நினைக்கத் தோன்றுகிறது. உண்மையில் ஒல்லாந்தர்தாம் இவர்களுக்குப் பெரும் பகைவர்.

1720-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோவளத்தில் இவர்களுக்குப் பண்டகசாலை அமைக்க இடமளித்தவர் கர்நாடக நவாப் சாதத்துல்லா கான். நவாயத் குலத்தவரான இவர் 1710 முதல் 1732 வரை ஆண்டவர். அந்நாளில் சென்னை ஆங்கிலேயரிடம், பழவேற்காடும் சதுரங்கப்பட்டினமும் ஒல்லாந்தரிடம், புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடம், தரங்கம்பாடி டேனியரிடம். தம் ஆட்சிக்குட்பட்ட துறையில் புதிய வணிகர் ஒருவரைக் கொண்டுவந்தால் போட்டி பெருகும், சுங்கமும் வரும் என்று நவாப் எண்ணியிருக்க வேண்டும். மதியூகம் நிறைந்த செயல் என்றே நான் கருதுகிறேன். இன்னொன்றையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. இதே ஆறாம் சார்லசின் படைகள் 1717-இல் உதுமானிய சுல்தானிடமிருந்து பெல்கிரேடைக் கைப்பற்றியிருந்தன. அந்தப் பேரரசரின் குடிகளுக்குத்தான் சில ஆண்டுகளில் கோவளத்து மணலில் ஒரு முஸ்லிம் நவாப் இடமளித்தார். வணிகத்தின் கணக்கு வேறு.

1722 டிசம்பரில் பேரரசர் ஒஸ்டெண்டுக் கம்பெனிக்குச் சாசனம் வழங்கினார். வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் பாங்கிபஜார், இங்கே கோவளம், அப்பால் சீனத்துக் காண்டன் என அதன் வணிகம் விரிந்தது. அதன் தேயிலை இங்கிலாந்துக்குள் கள்ளத்தனமாக நுழைந்து விலையைக் குறைத்தது. ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் பொறுப்பார்களா? பேரரசரை நெருக்கினர். ஆண் வாரிசில்லாத அவருக்குத் தம் மகள் மரியா தெரேசாவின் அரசுரிமையைப் பிற நாடுகள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கவலை. 1727-இல் கம்பெனி நிறுத்தி வைக்கப்பட்டது. 1731-இல் வியன்னா உடன்படிக்கையால் ஒழிக்கப்பட்டது. ஓர் இளவரசியின் உரிமைக்காகக் கோவளத்துப் பண்டகசாலை பாழாயிற்று எனலாம்.

அப்பாழிடத்தின் அருகே பின்னர் கோட்டை கட்டியவர் நவாப் அன்வருத்தீன் கான். கோட்டைக்கு "சாதத் பந்தர்" என்று பெயர். பந்தர் என்பது துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். பரங்கிப்பேட்டைக்கு மஹ்மூது பந்தர் என்ற பெயர் இருந்ததை வாசகர் அறிவர். அன்வருத்தீன் 1749-இல் ஆம்பூர்ப் போரில் கொல்லப்பட்டார். மறு ஆண்டே கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் போயிற்று, அதுவும் சண்டையின்றி. கரையருகே நங்கூரமிட்ட பிரெஞ்சுக் கப்பலொன்று, மாலுமிகள் நோயால் மடிகின்றனர், கரையிறங்க இடம் தாருங்கள் என்று கெஞ்சியது. கோட்டைத் தலைவர் அனுமதித்தார். இளைத்து வாடிய முப்பது பேர் உள்ளே வந்து படுத்தனர். ஆடைக்குள் ஆயுதம் இருந்தது. இரவில் எழுந்து காவற்படையை மடக்கிவிட்டனர். இதை எழுதிவைத்த ஆங்கில வரலாற்றாசிரியர் ஓர்ம், கோட்டையிலிருந்த நம்மவரை "மூர்கள்" என்று குறிப்பிடுகிறார்.

1752-இல் கிளைவ், 500 சிப்பாய்களோடும் பயிற்சியற்ற 200 ஐரோப்பியரோடும் வந்து கோவளத்தைப் பிடித்தார். தொடர்ந்து செங்கற்பட்டுக் கோட்டையும் வீழ்ந்தது. கோவளத்துக் கோட்டை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1763-இல் நவாப் முஹம்மது அலி செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். அதனால் அச்சீமைக்கு ஜாகீர் என்றே பெயர் வழங்கியது.

ஒல்லாந்தர் கோட்டையைக் காண விரும்புவோர் மாமல்லபுரத்தைத் தாண்டித் தெற்கே சதுரங்கப்பட்டினம் செல்லலாம். செங்கல் மதில்களும், பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுக் கல்லறைகளும் அங்கே உள்ளன. அவற்றின் மேல் செதுக்கிய எழுத்து ஒல்லாந்து மொழி. கோவளத்தில் அத்தகைய கல் எதுவும் பயணியின் கண்ணில் படாது. கோட்டை நின்ற பகுதியில் இன்று கடலோர உல்லாச விடுதி இருக்கிறது. சாதத் பந்தர் என்று எழுதிய பலகை ஒன்று அச்சாலையில் இருந்தால், தர்காவுக்கு வரும் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுப் பெற்றோரிடம் கேள்வி கேட்பார்கள்.