அளவறிந்து ஊட்டல்: வித்தும் உப்பும் பசளையும் – உருத்திரபுர வயல்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

கிளிநொச்சி மாவட்டத்தின் கரைச்சிப் பிரதேசத்தில் அமைந்த உருத்திரபுரம், பழைமையான சிவாலயத்தாலும் பரந்த நெல்வயல்களாலும் அறியப்பட்ட ஊராகும். கனகராயன் ஆற்றை மறித்து 20ஆம் நூற்றாண்டின் முதலிரு தசாப்தங்களில் கட்டப்பட்ட இரணைமடுக் குளத்தின் நீரே இவ்வயல்களின் உயிர்நாடி. எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என வாய்க்கால்களின் எண்களே குடியிருப்புகளின் பெயர்களாக வழங்குவதிலிருந்து, இவ்வூர் வாழ்வு அந்நீரோடு எத்துணை பிணைந்தது என்பதை உணரலாம். ஆயின் ஊருக்கு வடக்கே சில மைல் தொலைவில் யாழ்ப்பாணக் கடல்நீரேரி கிடக்கின்றது. அதன் கரையோர நிலங்களில் உவர் படர்ந்துள்ளது. நன்னீரும் உவர்நீரும் அண்மித்து நிற்கும் இத்தகைய நாட்டில் பயிர் செய்வோனுக்கு, எப்பொருளை எவ்வளவில் இடவேண்டும் என்னும் அறிவே முதன்மையாக வேண்டப்படுகின்றது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சாகும் என்பது நம்மவர் முதுமொழி. பயிரியலைப் பொறுத்தவரை இது வெறும் அறிவுரையன்று; அத்துறையின் அடிப்படை விதிகளுள் ஒன்றாகும். ஒரே பொருள் ஓரளவில் வித்துக்கு மருந்தாகவும், பிறிதோர் அளவில் பயிருக்கு உணவாகவும், அளவு கடந்தவிடத்து நஞ்சாகவும் அமையலாம். இவ்வுண்மையை மனிதர் படிப்படியாகக் கற்றுக்கொண்ட வரலாறும், அக்கல்வி வன்னி வயல்களிற் சோதனைக்குள்ளான வரலாறும் ஈண்டு ஒருங்கே நோக்கற்பாலன.

வித்தைப் பக்குவப்படுத்தி விதைக்கும் வழக்கம் மிகத் தொன்மையானது. தானிய வித்துகளை ஏழு நாள் இரவிற் பனியிலும் பகலில் வெயிலிலும் இட வேண்டும் என்றும், கரும்புத் துண்டின் வெட்டுவாயில் தேன், நெய், பன்றிக்கொழுப்பு, சாணம் ஆகியவற்றைப் பூசவேண்டும் என்றும் கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் விதிக்கின்றது. வராகமிகிரரின் பிருகத்சங்கிதை வித்துகளைப் பாலில் ஊறவைக்கும் முறையைக் கூறுகின்றது. கிரேக்க நாட்டுத் தியோபிராஸ்தசும் வெள்ளரி வித்தைப் பாலிலோ நீரிலோ ஊறவைத்தால் விரைந்து முளைக்கும் எனக் குறித்துள்ளார். தமிழ் உழவரிடையே விதைநெல்லை ஊறவைத்து முளைகட்டுதல், சாணநீரில் தோய்த்தல், சாம்பல் கலந்து பேணுதல், வசம்பிட்டுப் பூச்சியை விலக்குதல் முதலான முறைகள் வழிவழி வந்தன. இவற்றுட் பலவற்றின் பயனைப் பிற்கால விஞ்ஞானம் ஏற்றுக்கொண்டது. வித்து ஓரளவு நீரை முன்னரே பெற்றுக்கொள்ளின் முளைத்தலுக்குரிய உள்வினைகள் விதைப்புக்கு முன்பே தொடங்கிவிடும். 1973இல் ஹெய்டெக்கரும் அவர்தம் குழுவினரும் பிரசாரணக் கரைசல்களைக் கொண்டு இவ்வுண்மையை ஆய்வுகூடத்தில் நிறுவினர்.

உப்பின் கதை இவ்விடத்துச் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கண்மையிற் கோதுமை ஏற்றிவந்த கப்பலொன்று மூழ்கியது. கடல்நீரில் நனைந்து உணவுக்குதவாத அக்கோதுமையை விதைத்தபோது, அயல் வயல்களைக் கரிப்பூட்டை நோய் பற்றிய ஆண்டிலும் அப்பயிர் நோயின்றி விளைந்தது எனச் ஜெத்ரோ டல் என்பார் 18ஆம் நூற்றாண்டில் எழுதினார். ஜப்பானில் 1882இல் யொக்கோய் தொக்கியோஷி, உப்புநீரில் விதைநெல்லை இட்டு மிதக்கும் பதரையும் அரைமணியையும் நீக்கும் முறையைப் பரப்பினார். கோழிமுட்டை மிதக்குமளவுக்கு உப்பைக் கரைத்து நெல்லைத் தெரியும் முறை தமிழகத்திலும் இலங்கையிலும் உழவருக்குப் பழக்கமானதே. ஆயின் அவ்வாறு தெரிந்த நெல்லை உடனே நன்னீரில் இருமுறை மும்முறை கழுவவேண்டும். கழுவாதுவிடின் வித்தைத் தெரிவு செய்த உப்பே வித்தின் முளைப்பைக் கெடுத்துவிடும். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள எல்லை இங்குச் சில நிமிடப் பொழுதேயாகும்.

உப்புக்கு அடுத்தபடியாக உலோகங்கள் வித்து மருந்தாயின. 1807இல் பிரெவோஸ்து என்னும் அறிஞர், கரிப்பூட்டை நோய் ஒரு பங்கசினால் விளைவது என்றும், செம்பின் நுண்ணளவே அப்பங்கசின் வித்திகள் முளைப்பதைத் தடுக்கும் என்றும் காட்டினார். முதலாம் உலகப் போர்க்காலந் தொட்டு இரசச் சேர்வைகள் இத்துறையில் ஆட்சி செலுத்தின. சிறிதளவே போதுமானதாக இருந்தமையால் அவை மலிவும் வலிமையும் உடையனவாகத் தோன்றின. ஆயின் சுவீடனில் அவ்வித்துகளை உண்ட பறவைகள் மடிந்தன. 1966இல் அந்நாடு மெதைல் இரசத்தால் வித்தைப் பரிகரிப்பதைத் தடைசெய்தது. இதனினும் கொடியது 1971ஆம் ஆண்டின் இறுதியில் ஈராக்கில் நேர்ந்தது. மெதைல் இரசம் பூசிய விதைக் கோதுமையும் வாற்கோதுமையும் விதைப்புக்காலம் கடந்த பின்னர் நாட்டுப்புறத்தாரைச் சென்றடைந்தன. மூட்டைகளிலிருந்த எச்சரிக்கை அவர்கள் வாசிக்கவியலாத அந்நிய மொழிகளில் இருந்தது. சாயத்தைக் கழுவினால் நஞ்சும் நீங்கும் என நம்பிச் சிலர் அதனை அப்பமாக்கி உண்டனர். அரசின் கணக்கின்படி 6,530 பேர் மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டனர். 459 பேர் இறந்தனர். பொருள் உழவனைச் சென்றடைந்தும் அதுபற்றிய அறிவு அவனைச் சென்றடையாமையே இப்பேரழிவின் காரணம் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பயிரின் உணவு பற்றிய அறிவும் இக்காலப்பகுதியிலேயே வளர்ந்தது. ஜெர்மானிய அறிஞர்களான ஸ்பிரெங்கலும் லீபிக்கும் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், தாவரம் கனிமங்களை உண்டு வளர்வது என்பதையும், எந்தக் கனிமம் தேவைக்கு மிகக் குறைந்துள்ளதோ அதுவே விளைச்சலை வரையறுக்கும் என்பதையும் வலியுறுத்தினர். 1860ஐ அண்டி சாக்ஸ், நொப் ஆகியோர் மண்ணே இன்றிக் கனிமக் கரைசலிற் பயிரை வளர்த்துக் காட்டினர். இன்று காபன், ஐதரசன், ஒட்சிசன் உட்பட 17 மூலகங்கள் தாவரத்துக்கு இன்றியமையாதனவாகக் கொள்ளப்படுகின்றன. நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் ஆகியன பேரளவிலும், நாகம், செம்பு, போரன், மொலிப்தனம் முதலியன மிகச் சிற்றளவிலும் வேண்டப்படும்.

நெல்வயலைப் பொறுத்தவரை இவ்வறிவுக்கு ஆசிய அறிஞர் ஆற்றிய பங்கு பெரிது. இலங்கையரான பீலிக்ஸ் பொன்னம்பெரும, தம் சகாக்களோடு 1955இல் வெளியிட்ட ஆய்வில், இலங்கை வயல்களில் நெல்லிலை செம்பழுப்பாகிக் கருகும் நோய்க்குக் கிருமி காரணமன்று என்றும், நீர் தேங்கிய மண்ணிற் கரைந்து மிகும் இரும்பே காரணம் என்றும் விளக்கினார். பின்னர் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவகத்தில் நீர் தேங்கிய மண்ணின் இரசாயனத்தை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். இந்தியாவின் பந்த்நகரில் 1960களின் நடுப்பகுதியில் வை. எல். நேனே, கைரா எனப்பட்ட நெல் நோய் நாகக் குறைபாட்டினால் வருவது எனக் கண்டறிந்தார். இரும்பு மிகையால் ஒரு நோய். நாகம் குறைவால் மற்றொரு நோய். நாகக் குறைபாடு உள்ள நிலத்தில், நாற்றின் வேரை 2 வீத நாக ஒட்சைட்டுக் கலவையிற் தோய்த்து நடுதலே போதிய பரிகாரமாகப் பல இடங்களில் அமைந்தது. அதே நேனே 1994இல் ஆசிய வேளாண் வரலாற்று மன்றத்தை நிறுவிச் சுரபாலரின் விருட்சாயுர்வேத நூலைப் பதிப்பித்தார். பழைய வித்துப் பரிகாரமும் புதிய கனிம அறிவும் ஒரே அறிஞரின் வாழ்வில் இணைந்தமை சிந்திக்கத்தக்கது.

இனி வன்னிக்கு வருவோம். 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கிய பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து நிலமற்ற உழவர் பலர் இரணைமடுவின் கீழ்க் குடியேறினர். அவர்கள் குழை தாழ்த்தியும் மாட்டுப்பட்டி அடைத்தும் மண்ணைப் பேணிய மரபினர். 1950களின் பிற்பகுதியிற் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எச் 4 என்னும் நெல்லினம் வெளிவந்தது. அதன் பெற்றோருள் ஒன்று முருங்கைக்காயன் எனத் தமிழ்ப்பெயர் தாங்கிய நாட்டு நெல் என்பது பலரும் அறியாத செய்தி. 1962இல் அரசின் பசளை மானியம் தொடங்கியது. பழைய நெடிய இனங்கள் நைதரசனை மிகுதியாக ஊட்டினாற் சாய்ந்துவிடும். புதிய இனங்கள் அதனை ஏற்று விளைச்சலாக மாற்றின. யூரியா மூட்டை வன்னி உழவனின் வாழ்விற் பிரிக்கவியலாத பொருளாயிற்று. ஆயின் மூட்டை வந்த வேகத்தில் மண்பரிசோதனை வரவில்லை. அயல் வயலுக்கு இட்டதே தன் வயலுக்கும் என்பதே பெரும்பாலும் அளவாயிற்று.

அளவு மிகுந்ததன் விளைவைக் குடாநாட்டின் கிணறுகள் காட்டின. சுண்ணக்கற் பாறையினூடாகக் கசிந்த நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைப் பல கிணறுகளிற் கடந்தது. பாரவுலோகங்களின் கேட்டை ஜப்பானின் ஜின்சு ஆற்றுப்படுகை உணர்த்தியது. சுரங்கக் கழிவிலிருந்த கட்மியம் நெல்லிற் சேர்ந்து, உண்டவரின் என்புகளைச் சிதைத்தது. 1968இல் ஜப்பானிய அரசு இதனை மாசினால் விளைந்த நோயாக ஏற்றது. வயலில் நீர் நிற்கும்போது கட்மியம் கந்தகத்தோடு பிணைந்து கரையாது கிடக்கும். நீர் வடிந்தபின் கரைந்து வேரை அடையும். எனவே கதிர் வெளிவரும் பருவத்தில் நீரைத் தேக்கிவைப்பதே ஒரு காப்பாக அமைந்தது. வடமத்திய மாகாணத்தையும் வவுனியாவின் சில பகுதிகளையும் வாட்டும் காரணமறியாச் சிறுநீரக நோய் தொடர்பிலும் கட்மியம், களைநாசினி, புளோரைட்டு, நீரின் வன்மை முதலியன ஐயுறப்பட்டன. அவற்றுள் எதுவும் தனித்த காரணமாக ஐயந்திரிபற நிறுவப்படவில்லை.

உருத்திரபுரத்துக்கு அண்மையிலுள்ள பரந்தனில், உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரீனும் ஆக்கிய இரசாயனத் தொழிற்சாலை 1980களில் யுத்தத்தினால் நின்றுபோனது. ஆலைக்கு மூலப்பொருளான அவ்வுப்பே கரையோர வயலுக்குப் பகையாகும். மண்ணின் உவர், அதன் சாறு மின்னைக் கடத்தும் வலுவினால் அளக்கப்படும். மீற்றருக்கு 3 தெசிசீமென்சு வரை நெல் பொறுக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு அலகு கூடுந்தோறும் விளைச்சல் ஏறத்தாழ 12 வீதம் குறையும். முளைக்கும்போது ஓரளவு உவரைத் தாங்கும் நெல், இளநாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் அதனைத் தாங்காது. சோடியம் மிகுந்து பொற்றாசியத்தின் இடத்தைக் கவர, இலைநுனி வெளுத்துக் காயும். கேரளக் கரையோரத்துப் பொக்காளி நெல் இதற்கு விதிவிலக்கு. அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையம் பொக்காளியைக் கலப்பிற் சேர்த்து ஏ.ரி. 354 என்னும் உவர்தாங்கும் இனத்தை உருவாக்கியது. மரபுவழி இனமொன்றின் இயல்பு இவ்வாறு நவீன வித்தினுள் வாழ்கின்றது.

இவ்வறிவெல்லாம் வன்னியிற் பரவவேண்டிய காலத்தில் யுத்தம் குறுக்கிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் ஆரம்பிக்கப்பட்டது. அவ்வாண்டே போர் மீண்டும் மூண்டது. பீடம் குடாநாட்டுக்குப் பெயர்ந்து, போர் முடிந்தபின்னரே அறிவியல் நகருக்குத் திரும்பியது. 1996இலும் 2008இலும் கிளிநொச்சி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். ஆண்டுதோறும் விதைத்தாலன்றி விதைநெல் உயிர்வாழாது. எனவே ஓர் ஊர் பெயரும்போது வீடும் வயலும் மட்டுமன்றி, தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து பேணிய வித்தும், இந்த வயலுக்கு இவ்வளவு என்னும் உழவனின் அனுபவக் கணக்கும் அறுபடுகின்றன. 2009இன் பின் மீண்டு வந்தோர் அக்கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டியவராயினர்.

இந்நிலையில் 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி நாடளாவ ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது. மாசினைக் குறைத்தல் என்னும் நோக்கம் நன்றே. ஆயின் எளிய கணக்கொன்று இங்கு மறக்கப்பட்டது. 50 கிலோ யூரியாவில் 23 கிலோ நைதரசன் உண்டு. ஒன்றரை வீத நைதரசன் கொண்ட நல்ல கூட்டெருவிலிருந்து அதனைப் பெற 1,500 கிலோவுக்கு மேல் வேண்டும். அதுவும் அப்பருவத்திலேயே முழுமையாகப் பயிருக்குக் கிடையாது. குறைந்த மூலகமே விளைச்சலை வரையறுக்கும் என்ற 19ஆம் நூற்றாண்டுப் பாடத்தை நாடு மீண்டும் கற்றது. நவம்பரிலேயே தடை கைவிடப்பட்டபோதும் அப்பெரும்போக விளைச்சல் நாடெங்கும் பெரிதும் வீழ்ந்தது. முன்னர் அளவின்றி இட்டதும், பின்னர் அறவே நிறுத்தியதும் ஒரே தவறின் இருமுகங்களாகும். இரண்டிலும் மண்ணை அளந்தறிய எவரும் முற்படவில்லை.

கடல்நீரில் நனைந்த கோதுமையிலிருந்து ஈராக்கிய மூட்டைகள் வரையிலான வரலாறு ஒன்றைத் தெளிவுறுத்துகின்றது. பொருளைத் தெய்வமாக்குவதும் பேயாக்குவதும் எளிது, அளப்பதே அரிது. அளப்பதற்கு மண்பரிசோதனையும், உழவன் வாசிக்கும் மொழியில் எழுதப்பட்ட அறிவுரையும், அவனது அனுபவத்துக்குச் செவிசாய்க்கும் ஆய்வாளரும் வேண்டும். விவசாய பீடம் கிளிநொச்சியிலேயே இயங்குகின்றது. உருத்திரபுர வயல்கள் அதற்கு எட்டும் தொலைவில் உள்ளன. இரண்டுக்கும் இடையிலான சில மைல்களைக் கடந்து, வாய்க்கால் வாய்க்காலாக மண்ணின் உவரும் நாகமும் நைதரசனும் அளந்து குறிக்கப்படுமாயின், அடுத்த விதைப்பில் உழவன் இடுவது அயலானைப் பார்த்து இட்ட அளவாக இராது. தன் வயலை அறிந்து இட்ட அளவாக இருக்கும்.