சாலை இல்லாத கரையும் கடல் விமானமும்

அலாஸ்காவின் தென்கிழக்கு முனையில் கனடாவின் எல்லையை ஒட்டி அமைந்துள்ள மிஸ்டி ஃபியார்ட்ஸ் என்னும் கரைப்பகுதி, பனியாறுகள் நெடுங்காலம் கருங்கல் மலைகளை அராவி ஆழப்படுத்திய பள்ளத்தாக்குகளுக்குள் பசிபிக் கடல் புகுந்ததால் உருவானது. செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு இடையே நிலத்துக்குள் நீளும் இத்தகைய கடற்கழியே ஃபியார்டு எனப்படுகிறது. இங்குச் சில சுவர்கள் நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயர்ந்து நிற்கின்றன. இதற்கு வாயிலாக விளங்கும் கெச்சிகன் நகரம் ஒரு தீவில் இருப்பதால், வெளியுலகிலிருந்து அதற்குச் சாலை வழியே இல்லை. இன்று பயணிகள் இந்தக் கரையின் அழகைக் காண ஏறும் கடல் விமானம், இங்கு வாழ்ந்த மக்களின் அன்றாடத் தேவைக்காகவே முதலில் வேரூன்றியது என்பதை இதன் வரலாறு தெளிவாக்குகிறது.

இக்கரையின் பழங்குடிகளான டிலிங்கிட் மக்கள், தேவதாரு மரத்தைக் குடைந்து செய்த தோணிகளில் இந்தக் கழிகளிடையே சென்று மீன்பிடித்தும் வணிகம் செய்தும் வாழ்ந்தனர். 1793இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜார்ஜ் வான்கூவர், தம் கப்பல்களை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுத் துடுப்புப் படகுகளில் கரையை அளக்கப் புறப்பட்டார். 23 நாட்களில் ஏறத்தாழ 700 கடல்மைல் தூரம் சென்றும், கப்பல்கள் நின்ற இடத்திலிருந்து கண்டத்தின் கரைக்கோட்டை ஏறத்தாழ 60 மைல் அளவுக்கே அவரால் முன்னோக்கி வரைய முடிந்தது. ஒவ்வொரு கழியின் கடைசி வரை சென்று, அது முட்டுச்சந்தா, மறுபுறம் திறக்கும் நீர்வழியா என்று பார்த்துத் திரும்ப வேண்டியிருந்ததே அதற்குக் காரணம். பெம் கால்வாய் என்று அவர் பெயரிட்ட இயற்கை நீர்வழியின் நடுவே, ஏறத்தாழ 72 மீட்டர் உயரத்தில் தனித்து நிற்கும் எரிமலைப் பாறைக்கு, இங்கிலாந்துக் கரையின் புகழ்பெற்ற கலங்கரை விளக்கத்தை நினைவுகூர்ந்து நியூ எடிஸ்டோன் என்று அவர் பெயர் வைத்தார்.

பிரான்சில் ஆன்ரி ஃபாப்ர் 1910 மார்ச் 28 அன்று நீர்ப்பரப்பிலிருந்து விமானத்தை எழுப்பிக் காட்டிய பிறகு, ஓடுபாதை அமைக்கச் சமதரை கிடைக்காத கரைகளுக்குப் புதிய வழி பிறந்தது. 1922இல் ராய் ஜோன்ஸ் என்னும் விமானி, உடற்பகுதியே படகாக அமைந்த விமானம் ஒன்றைச் சியாட்டிலிலிருந்து கெச்சிகனுக்கு ஓட்டிவந்தார். 1926இல் அமெரிக்கக் கடற்படை, பென் வயட்டின் தலைமையில் லோயனிங் வகை நீர்நில விமானங்களைத் தென்கிழக்கு அலாஸ்காவுக்கு அனுப்பி, மலைகளையும் காடுகளையும் வானிலிருந்து ஒளிப்படம் எடுக்கச் செய்தது. அதுவரை வரைபடத்தில் இடம்பெறாத ஏரிகள் பல அப்போதுதான் பதிவாயின. 1936இல் பாப் எல்லிஸ் கெச்சிகனில் தொடங்கிய விமான நிறுவனம், கடிதங்கள், மளிகைப் பொருள்கள், நோயாளிகள், மீன் பதனிடும் ஆலைகளுக்கும் மரம் வெட்டும் முகாம்களுக்கும் செல்லும் தொழிலாளர்கள் என அனைத்தையும் அனைவரையும் ஏற்றிச் சென்றது.

இத்தொழிலின் உழைப்பாளியாக நிலைத்த விமானம், கனடாவின் டி ஹாவிலேண்ட் நிறுவனம் 1947இல் முதன்முறை பறக்கவிட்ட பீவர் ஆகும். தொலைகாடுகளில் பறந்த விமானிகளிடம் தேவைகளைக் கேட்டறிந்து வடிவமைக்கப்பட்டதால், எரிபொருள் பீப்பாயை உருட்டி ஏற்றும் அளவுக்கு அகன்ற கதவுகளும், பறந்துகொண்டிருக்கும்போதே விமானியறையிலிருந்து எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றும் வசதியும் அதில் அமைந்தன. சக்கரங்களுக்குப் பதிலாகப் பொருத்தப்படும் மிதவைகளின் அடிப்புறத்தில் ஒரு படி வெட்டப்பட்டிருக்கும். வேகம் கூடும்போது, அடியில் ஒட்டியிழுக்கும் நீர் அந்தப் படியில் அறுபடுவதால் விமானம் நீரின்மேல் வழுக்கிச் சென்று எழுகிறது. மிதவைக்குள் கசிந்த நீரைப் பறக்குமுன் கைப்பம்பால் இறைப்பது விமானியின் வழக்கமான கடமை. அலையே இல்லாத நீரில் இறங்குவதுதான் அவருக்குக் கடினம். கண்ணாடி போன்ற பரப்பில் உயரத்தைக் கண்ணால் கணிக்க முடியாததால், கரையோரத்தைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு, சீரான மெதுவான வேகத்தில் அவர் விமானத்தைத் தாழ்த்துகிறார்.

கெச்சிகனுக்கு எதிரேயுள்ள தீவில் 1973இல் விமான நிலையம் திறக்கப்படும் வரை, பெரிய விமானங்களில் வந்தவர்கள் அனெட் தீவில் இறங்கி, கடல் விமானத்தில் ஏறியே நகரத்தை அடைந்தனர். 1978இல் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர், மிஸ்டி ஃபியார்ட்ஸ் பகுதியில் 9,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலத்தைத் தேசியச் சின்னமாக அறிவித்துப் பாதுகாப்பு அளித்தார். அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டு வனப்பாதுகாப்புச் சட்டம், தன்கீழ்ப் பாதுகாக்கப்படும் காடுகளில் விமானங்கள் இறங்குவதைப் பொதுவாகத் தடை செய்கிறது. ஆனால், மிஸ்டி ஃபியார்ட்ஸின் பெரும்பகுதியை அத்தகைய காடாக வகைப்படுத்திய 1980ஆம் ஆண்டின் அலாஸ்கா நிலப் பாதுகாப்புச் சட்டம், மரபான வாழ்க்கைச் செயல்களுக்கும் ஊர்களுக்குச் சென்றுவரவும் விமானங்களைப் பயன்படுத்த இடம் அளித்தது. ஐம்பது, அறுபது ஆண்டுகளே பழக்கத்தில் இருந்த ஓர் இயந்திரம், தோணியைப் போலவே இக்கரை மக்களின் வாழ்முறையில் ஒரு கூறாகிவிட்டது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டது. வான்கூவரின் படகோட்டிகள் நாள்கணக்கில் துடுப்பு வலித்துக் கடந்த கழிகளை இன்று இரண்டு மணி நேரத்துக்குள் பார்த்துத் திரும்பும் பயணி, அந்த மக்கள் தம் தேவைக்காக அமைத்துக்கொண்ட வழியிலேயே செல்கிறார். அதை அறிந்து செல்வது அக்கரைக்கு அவர் செலுத்த வேண்டிய மரியாதை.