ஓடுகிறவரே படத்தில் நின்ற வரலாறு

விளையாட்டு உடையை விற்பதற்கு விளையாடுகிறவனுடைய படத்தைப் போடுவதுதான் முறை என்று இன்று நமக்குத் தோன்றலாம். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், முக்கியமாக அமெரிக்காவில், அந்த இயல்பான காரியத்துக்குச் சட்டமே குறுக்கே நின்றது. ஒலிம்பிக் பந்தயங்களையும் அவற்றுக்கு ஆள் அனுப்பும் உள்நாட்டுப் போட்டிகளையும் ஆண்டுவந்த சங்கங்கள், விளையாட்டினால் ஒரு காசும் சம்பாதிக்காதவனே உத்தமமான வீரன் என்னும் கொள்கையை விரதமாகக் காத்துவந்தன. தன் பெயரையோ முகத்தையோ வியாபாரி ஒருவனுடைய சரக்குக்கு இரவல் கொடுத்தவன் அந்தக் கணமே போட்டிக்குரிய தகுதியை இழந்தான். 1932-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதலிலும் தடை தாண்டும் ஓட்டத்திலும் தங்கப் பதக்கம் பெற்ற பேப் டிட்ரிக்சன் என்ற வீராங்கனையின் படம், அவ்வருஷக் கடைசியில் ஒரு மோட்டார் கார் விளம்பரத்தில் வெளிவந்தது. தம் சம்மதமின்றி அது நடந்ததாக அவர் எடுத்துச் சொல்லியும் அமெச்சூர் சங்கம் அவரை நீக்கிவைத்தது. பிறகு விசாரித்துத் தடையை விலக்கிக்கொண்டதென்றாலும், மனம் வெறுத்த அவர் அமெச்சூர் போட்டிகளை விட்டு வெளியேறித் தொழில்முறை வாழ்க்கையை மேற்கொண்டார். அவருக்கு முன்பே, இரண்டு ஒலிம்பிக்குகளில் நீச்சலில் ஐந்து தங்கப் பதக்கம் குவித்த ஜானி வைஸ்முல்லர், வாரத்துக்கு 500 டாலர் சம்பளத்தில் பி.வி.டி. கம்பெனியின் நீச்சலுடையை அணிந்து படத்துக்கு நிற்க ஒப்புக்கொண்டபோது, போட்டி நீச்சலுக்கு முழுக்குப் போட வேண்டியிருந்தது.

இப்படி, உடையை உண்மையில் உபயோகிக்கிறவர் படத்தில் இடம்பெற முடியாமற் போனபடியால், அந்த இடத்துக்கு வேறு யாரையாவது கொண்டுவர வேண்டியிருந்தது. பெரும்பாலும் வந்து நின்றவர்கள், உடையழகைக் காட்டிப் பிழைக்கும் தொழில்முறை மாடல்கள். கலையாத கூந்தலும் வேர்வை காணாத நெற்றியுமாக, டென்னிஸ் மட்டையைப் பூச்செண்டு போலப் பிடித்து நிற்கும் அந்தப் படங்களைக் கண்டு அக்காலத்தில் யாரும் குறைப்பட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. காரணம் எளியது. அந்த உடைகளை வாங்கிய ஜனங்களில் பெரும்பாலோர் ஓடுகிறவர்களோ மலையேறுகிறவர்களோ அல்லர். விடுமுறை நாளில் உல்லாசமாக உடுத்திக்கொள்ளவே வாங்கினார்கள். ஓடிப் பழகியவனுக்கோ, ஒருவர் பாதம் தரையைத் தொடும் விதத்திலிருந்தும் தோள்கள் தளர்ந்திருக்கும் நிலையிலிருந்துமே அவர் ஓடுகிறவரா, ஓடுவதுபோல் பாவனை செய்கிறவரா என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும். அத்தகைய கண்ணுடையவர்கள் ஆயிரக்கணக்கில் பெருகியபோதுதான் விளம்பரம் மாறியது. இந்த மாறுதலை விளம்பரக்காரர்களின் புத்திசாலித்தனம் என்று சிலர் கொண்டாடுகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. வீதிக்கு இறங்கிய சாதாரண மனிதர்களே அதை உண்டாக்கினார்கள் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அவர்கள் வீதிக்கு இறங்கிய கதை நியூஸிலாந்தில் தொடங்குகிறது. ஓரிகன் சர்வகலாசாலையின் ஓட்டப் பயிற்சியாளரான பில் பௌவர்மேன் 1962-இன் இறுதியில் அங்கே போயிருந்தபோது, ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளர் அவரை ஊர்க்காரர்களுடன் மெதுவோட்டத்துக்கு அழைத்துப் போனார். ஐம்பது வயதைக் கடந்திருந்த பௌவர்மேன், எழுபதைத் தாண்டிய ஒரு கிழவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் மூச்சிரைத்துப் பின்தங்கினார். ஊர் திரும்பியதும் யூஜீன் நகரத்து ஆடவர் பெண்டிரைத் தம் மைதானத்துக்கு வரவழைத்து ஓடப் பழக்கி, இருதய வைத்தியர் ஒருவருடன் சேர்ந்து அதைப் பற்றிச் சிறு நூலொன்றும் எழுதி வெளியிட்டார்; அது லட்சக்கணக்கில் விற்றது. இதே பௌவர்மேன்தான், பிற்பாடு நைக்கி என்று பெயர் மாறிய காலணிக் கம்பெனியை 1964-இல் ஃபில் நைட்டுடன் கூட்டாகத் தொடங்கியவர். நியூயார்க் நகரத்தின் முதல் மாரத்தான் 1970-இல் சென்ட்ரல் பார்க்கில் நடந்தபோது புறப்பட்டவர்கள் 127 பேர், முடித்தவர்கள் 55 பேர். ஆறே வருஷத்தில் அந்த ஓட்டம் பூங்காவை விட்டு நகரத்தின் ஐந்து பகுதிகளினூடேயும் செல்லவும், இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அதில் ஓடவும் ஆயிற்று. 1977-இல் நைக்கி வெளியிட்ட ஒரு சுவரொட்டியில் நெடிய மரங்களுக்கிடையே நீளும் சாலையில் ஒற்றை ஆள் ஓடிக்கொண்டிருக்கிறார். அவர் முகம் தெரியாது, இன்னார் என்று சொல்லவும் முடியாது. பார்க்கிறவர் எவரும் அந்த உருவத்தில் தம்மையே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அதே 1977-இல், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள வெர்மாண்ட் மாகாணத்தில், பர்லிங்டன் என்ற ஊரில் நடந்ததை இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். லிசா லிண்டால் என்ற பெண் தினந்தோறும் ஓடுகிறவர். ஓடும்போது மார்புக்கு ஆதாரமாக இருக்கக்கூடிய உள்ளாடை எதுவும் கடைகளில் கிடைக்காததால் ஓட்டம் அவருக்கு வேதனையாக இருந்தது. அவர் தம் தோழியும் நாடக உடை தைப்பதில் வல்லவருமான பாலி ஸ்மித்திடம் முறையிட, பாலி ஒன்றன்பின் ஒன்றாகப் பல மாதிரிகளைத் தைத்துப் பார்த்தார், ஒன்றும் சரிப்படவில்லை. கடைசியில், ஆண் விளையாட்டு வீரர்கள் இடுப்பில் அணியும் இறுக்கமான கச்சை இரண்டை வாங்கிப் பிரித்து, பக்கவாட்டில் சேர்த்துத் தைத்தபோதுதான் வேண்டியது கிடைத்தது. பாலியின் உதவியாளரான ஹிண்டா மில்லர், லிசாவுக்கு எதிர்முகமாகப் பின்புறமாகவே ஓடி, துணி எந்த இடத்தில் தாங்குகிறது, எங்கே வழுகுகிறது என்று கண்ணால் கண்டு சொன்னார். தையலும் பரீட்சையும் ஓட்டமும் இப்படி ஒரே கைகளில் நடந்த காரியத்துக்கு மாடலை எங்கே தேடுவது? 'ஜாக்பிரா' என்று பெயர் சூட்டி அதை விற்க முற்பட்டபோது, ஆரம்பகால விளம்பரங்களில் லிசாவும் ஹிண்டாவும் தாங்களே அணிந்து தோன்றினார்கள். அதை உள்ளாடைப் பகுதியில் வைக்கக்கூடாது, விளையாட்டுச் சாமான் கடைகளில்தான் விற்க வேண்டும் என்று லிசா பிடிவாதமாக நின்றார். அந்தக் கடைகளின் ஆண் முதலாளிகளோ, இதை எப்படி எங்கள் கடையில் தொங்கவிடுவது என்று கூச்சப்பட்டார்கள். தாங்கள் அணிந்து ஓடாத எதையும் பிறருக்கு விற்காத அந்தப் பெண்களின் நேர்மையே அவர்களுடைய விளம்பரமாக அமைந்தது என்று நான் நினைக்கிறேன்.

மலையேறுகிறவர்களிடையேயும் ஏறக்குறைய அதே காலத்தில் இந்த மனோபாவம் வேரூன்றியது. யுவோன் ஷுயினார் என்ற மலையேறி நிறுவிய படகோனியா கம்பெனி, தன் விலைப்பட்டியலுக்கு மாடல்களை அமர்த்துவதை விட்டு, மெய்யாகவே பாறையில் தொங்குகிறவர்களும் கூடாரத்தில் நனைந்து கிடக்கிறவர்களும் எடுத்தனுப்பும் படங்களை வரவழைத்துப் பிரசுரிக்கத் தொடங்கியது. படத்தின் கீழே ஏறியவரின் பெயரும் இடத்தின் பெயரும் அச்சாகும். கிழிந்த கால்சட்டையும் புழுதி அப்பிய முகமும் அந்தப் பக்கங்களில் குற்றமாகக் கருதப்படவில்லை.

எனினும் உலகமெங்கும் தெரிந்த திருப்பம் 1988-இல்தான் நேர்ந்தது. அப்போது நைக்கிக்கு நெருக்கடியான காலம். 1982-இல் பெண்களுக்கென்றே உடற்பயிற்சிக் காலணி கொண்டுவந்த ரீபாக் கம்பெனி, சில வருஷங்களுக்குள் அமெரிக்கச் சந்தையில் அதை முந்திச் சென்றிருந்தது. போர்ட்லண்டைச் சேர்ந்த வைடன் அண்ட் கென்னடி என்ற விளம்பர நிலையம் தயாரித்த புதிய தொலைக்காட்சிப் படங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்ததால், அவற்றை ஒரே சரட்டில் கோப்பதற்காக டான் வைடன் எழுதிய சிறு வாசகந்தான் 'ஜஸ்ட் டூ இட்' என்பது. அந்த வரிசையின் முதல் படத்தில் தோன்றியவர் புகழ்பெற்ற வீரர் அல்லர். வால்ட் ஸ்டாக் என்ற எண்பது வயதுக் கிழவர். இடுப்புக்கு மேலே வெற்றுடம்புடன் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தின்மேல் ஓடிக்கொண்டே, தினமும் காலையில் 17 மைல் ஓடுவதாகச் சொல்கிறார். குளிர்காலத்தில் பற்கள் கிடுகிடுக்காமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று ஜனங்கள் கேட்பதாகவும், அவற்றை அலமாரியில் கழற்றி வைத்துவிட்டு வருவதாகவும் சிரித்துக்கொண்டே கூறுகிறார்.

ஸ்டாக் விளம்பரத்துக்காகக் கண்டெடுத்து ஒப்பனை செய்யப்பட்ட முதியவர் அல்லர். கட்டிட வேலையில் செங்கல்லும் சாந்தும் சுமந்து வயிறு வளர்த்தவர். தொழிற்சங்கத்திலும் கம்யூனிஸ்ட் கட்சியிலும் இருந்தவர். ஐம்பது வயதுக்கு மேல் ஓடத் தொடங்கி, தம் நகரத்தில் ஓர் ஓட்டக் கழகத்தை வளர்த்து, அதில் பெண்களையும் மெதுவாக ஓடுகிறவர்களையும் அன்போடு சேர்த்துக்கொண்டவர். 1981-இல், எழுபத்து மூன்றாம் வயதில், ஹவாய்த் தீவில் நடந்த 'அயர்ன்மேன்' போட்டியில் நீந்தி, சைக்கிள் மிதித்து, மாரத்தானும் ஓடி முடிக்க அவருக்கு 26 மணி நேரத்துக்கு மேலாயிற்று. அந்தப் போட்டியின் சரித்திரத்தில் அதைவிட அதிக நேரம் எடுத்தவர் வேறொருவர் இல்லை என்பார்கள். கடைசியாக வந்தவர் என்பதற்காக அவரைப் பற்றி யாரும் இளக்காரமாகப் பேசியதில்லை. உழைத்துக் காய்த்த சரீரமும், சுருங்கிய தோலும், மார்பிலே பச்சை குத்திய சித்திரங்களும் தெரிய அவர் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியில் ஓடி வந்தபோது, முன்பு மாடல் நின்ற இடம் மாடலுக்கு உரியதாக இல்லாமற் போயிற்று. 1995-இல் அவர் காலமானார்.

பெண்கள் விஷயத்தில் சட்டமும் துணை செய்தது. கல்வி நிலையங்களில் ஆண் பெண் பேதம் கூடாதென்று 1972-இல் அமெரிக்காவில் நிறைவேறிய 'டைட்டில் நைன்' சட்டத்துக்கு முன்னால் உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய பெண்கள் 2,94,015 பேர். இரண்டே வருஷத்தில் அத்தொகை 13 லட்சமாயிற்று. அந்தத் தலைமுறையில் கல்லூரிக் கூடைப்பந்து ஆடி வளர்ந்த மிஸ்ஸி பார்க், 1989-இல் கலிபோர்னியாவில் பெண்களுக்கான விளையாட்டு உடைக் கம்பெனி ஒன்றைத் தொடங்கி, சட்டத்தின் பெயரையே அதற்கு இட்டார். அதன் விலைப்பட்டியலில் வேலைக்குப் போய்க்கொண்டும் குழந்தைகளை வளர்த்துக்கொண்டும் ஓடுகிற, மலையேறுகிற பெண்களே உடையணிந்து நிற்பார்கள். அவரவர் தொழிலும் விளையாட்டும் பக்கத்தில் குறிக்கப்பட்டிருக்கும்.

வியாபாரத்தில் பிறந்த இந்த முறை பின்னால் வியாபாரத்துக்கு வெளியேயும் சென்றது. விளையாட்டில் ஈடுபடும் பெண்கள் ஆண்களைவிட 20 லட்சம் குறைவு என்று கண்ட இங்கிலாந்தின் ஸ்போர்ட் இங்கிலாந்து என்னும் பொது ஸ்தாபனம், 2015 ஜனவரியில் 'திஸ் கேர்ள் கேன்' என்ற பிரசாரத்தை ஆரம்பித்தது. அதில் தோன்றியவர்கள் பூங்காக்களிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் தெருக்களிலும் தேடிப் பிடித்த சாதாரணப் பெண்கள். சிவந்த முகமும், குலுங்கும் தசையும், முதுகில் வழியும் வேர்வையும் மறைக்கப்படாமலே காட்டப்பட்டன. அங்கே விற்பதற்குச் சட்டையுமில்லை, காலணியுமில்லை. ஒரு வருஷம் கழித்துக் கணக்கெடுத்தபோது, அந்தப் பிரசாரத்தைப் பார்த்த பிறகு தாங்கள் விளையாட்டையோ உடற்பயிற்சியையோ தொடங்கியதாகவோ அதிகப்படுத்திக்கொண்டதாகவோ சொன்ன பெண்கள் 28 லட்சம் பேர்.