258 கட்டங்கள்: அமெரிக்கத் தண்டனை அட்டவணை உருவான கதை

ஒரே வழக்குக் கோப்பை ஐம்பது நீதிபதிகளிடம் கொடுத்தால் எத்தனை விதமான தண்டனை வரும்? 1974-ல் நியூயார்க், கனெக்டிகட், வெர்மான்ட் மாநிலங்கள் அடங்கிய இரண்டாம் சர்க்யூட்டில் இதை நிஜமாகவே செய்து பார்த்தார்கள். மிரட்டிப் பணம் பறித்த வழக்கு ஒன்றில் ஒரு ஃபெடரல் நீதிபதி 20 வருஷம் சிறை, 65,000 டாலர் அபராதம் என்று எழுதினார். இன்னொருவர் அதே காகிதங்களைப் படித்துவிட்டு 3 வருஷம், அபராதம் கிடையாது என்றார்.

அந்தக் காலத்தில் இதில் சட்டப்படி தப்பே இல்லை. சட்டம் பெரும்பாலும் உச்சவரம்பை மட்டும்தான் சொல்லும். அதற்குள் நீதிபதி எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. உண்மையில் எத்தனை வருஷம் உள்ளே இருக்கணும் என்பதைப் பிறகு பரோல் ஆணையம் முடிவு செய்யும். நியூயார்க் ஃபெடரல் நீதிபதி மார்வின் ஃப்ராங்கல் 1973-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதி இந்த முறையைக் கடுமையாக விமர்சித்தார். தண்டனைக்கு விதிகள் வகுக்கத் தனி ஆணையம் வேண்டும் என்ற யோசனையும் அவருடையதுதான்.

அதைக் கையில் எடுத்தவர் செனட்டர் எட்வர்ட் கென்னடி. ஒரே குற்றத்துக்கு ஆளுக்கொரு தண்டனையா என்பது லிபரல்களின் கவலை. நீதிபதிகள் ரொம்ப இளகிய மனசோடு இருக்கிறார்கள் என்பது கன்சர்வேட்டிவ்களின் கவலை. இரண்டு கவலைக்கும் ஒரே மருந்து என்று இரு தரப்பும் நம்பியதால் 1984-ல் தண்டனைச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. அதன்படி அமைந்த ஆணையம் எழுதிய விதிகள் 1987 நவம்பர் 1-ல் அமலுக்கு வந்தன. அதற்குப் பிறகு செய்த ஃபெடரல் குற்றங்களுக்குப் பரோல் கிடையாது.

விதிகளின் மையத்தில் இருப்பது ஓர் அட்டவணை. செங்குத்தாகக் குற்றத்தின் தீவிரம், 43 நிலைகள். குறுக்காகப் பழைய குற்ற வரலாறு, 6 வகைகள். மொத்தம் 258 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மாதக் கணக்கில் ஒரு வரம்பு. உதாரணமாக, நிலை 32, வகை 1 என்றால் 121 முதல் 151 மாதம். வரம்பு அகலமாகிவிடக் கூடாது என்று சட்டமே கட்டுப்படுத்தியிருந்தது: மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் இடையே 25 சதவீதம் அல்லது 6 மாதம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டக் கூடாது.

என்னைப் போல புரோகிராம் எழுதிப் பிழைப்பவர்களுக்கு இதைப் பார்த்ததும் ஒரு கேள்வி வரும். ஃபங்ஷன் மாறாது, சரி. இன்புட் கொடுப்பது யார்?

கதையே இங்கேதான் இருக்கு. எந்தக் குற்றச்சாட்டு என்று முடிவு செய்வது அரசு வக்கீல். குற்றத்தை ஒப்புக்கொண்டால் 2 நிலை குறையும். நிலை 16 அல்லது அதற்கு மேல் இருந்தால் கூடுதலாக இன்னொரு நிலை குறையலாம், ஆனால் அதை அரசு வக்கீல் கேட்கணும். மேலே சொன்ன 32 இப்படி 29 ஆனால் வரம்பு 87 முதல் 108 மாதம். கீழ் எல்லையில் மட்டும் கிட்டத்தட்ட மூணு வருஷ வித்தியாசம். மற்றவர்களைப் பற்றித் தகவல் கொடுத்து உதவினால் இன்னும் குறையும். அதற்கான மனுவும் அரசுத் தரப்பிடமிருந்துதான் வரணும். நீதிபதியின் கையிலிருந்து பிடுங்கிய அதிகாரம் மறைந்து போகவில்லை. பெரும்பகுதி எதிர்மேசைக்கு நகர்ந்துவிட்டது.

அதனால் குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீலுக்கு உண்மையான சண்டை, புரொபேஷன் அதிகாரி தயாரிக்கும் தண்டனைக்கு முந்தைய அறிக்கையில்தான். தண்டனை நாளுக்குக் குறைந்தது 35 நாள் முன்னால் அது கைக்கு வரும். வந்த 14 நாளுக்குள் ஆட்சேபம் எழுதணும். எத்தனை கிராம், எத்தனை டாலர் நஷ்டம், துப்பாக்கி இருந்ததா என்று ஒவ்வொரு வரியும் மாதங்களாக மாறும். குற்றச்சாட்டிலேயே இல்லாத, ஆனால் அதோடு தொடர்புடைய செயல்களும் கணக்கில் சேரும். இதற்குச் 'சந்தேகத்துக்கு இடமின்றி' நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நீதிபதி நினைத்தாலே போதும்.

ஃப்ரெடி புக்கர் வழக்கு இப்படித்தான் வெடித்தது. விஸ்கான்சினில் நடந்த விசாரணையில் ஜூரி கேட்ட சாட்சியம் 92.5 கிராம் கிராக் கோகெயின் பற்றியது. அவருடைய பழைய வரலாற்றோடு சேர்த்து அட்டவணைப்படி 210 முதல் 262 மாதம். ஆனால் தண்டனை நாளன்று நீதிபதி இன்னும் 566 கிராம் விற்றிருக்கிறார், நீதிக்குத் தடை போட்டார் என்று தாமே முடிவு செய்தார். வரம்பு 360 மாதத்திலிருந்து ஆயுள் வரை ஏறியது. கிடைத்தது 30 வருஷம். அதிகபட்சமே 21 வருஷம் 10 மாதம் என்றிருந்த இடத்தில், ஜூரி பார்க்காத சாட்சியத்தால் எட்டு வருஷத்துக்கு மேல் கூடிப்போச்சு.

2005 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இரண்டு பாதியாகத் தீர்ப்புச் சொன்னது. கட்டாய விதிகளின் கீழ் இப்படித் தண்டனையை ஏற்றுவது ஜூரி உரிமைக்கு விரோதம் என்று ஐந்து நீதிபதிகள். அதற்குத் தீர்வாக விதிகள் இனி கட்டாயமில்லை, ஆலோசனை மட்டுமே என்று வேறு ஐந்து பேர். இரண்டு ஐவரிலும் இருந்தவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க் மட்டுமே. இரண்டாம் பாதியை எழுதியவர் ஸ்டீபன் பிரையர். அவர்தான் 1980-களில் ஆணைய உறுப்பினராக இருந்து இந்த விதிகளை உருவாக்கியவர்களில் ஒருவர்!

கிட்டத்தட்ட மூணு வருஷம் கழித்து கிம்ப்ரோ வழக்கு. கிராக்கையும் பவுடர் கோகெயினையும் 1-க்கு 100 என்று எடைபோட்ட கணக்கை ஏற்காமல் நீதிபதி விலகலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2010-ல் காங்கிரஸே அந்த விகிதத்தை 1-க்கு 18 ஆக்கியது.

ஆனாலும் வக்கீல்கள் அட்டவணையைத் தூக்கிப் போடவில்லை, போடவும் முடியாது. நீதிபதி முதலில் வரம்பைச் சரியாகக் கணக்கிட்டுத்தான் ஆகணும். பிறகுதான் விலகலாமா என்ற பேச்சே. அந்த முதல் எண் 360 என்றால், அங்கிருந்து இறங்கி வருவது எவ்வளவு கஷ்டம் என்று பேரம் பேசிய யாருக்கும் தெரியும்.

ஜூரி விடுதலை செய்த குற்றச்சாட்டைக்கூட இந்தக் கணக்கில் சேர்க்கலாம் என்ற நிலை 2024 வரை இருந்தது. அந்த வருஷம் நவம்பர் 1 முதல் ஆணையம் அதை நிறுத்தியது. ஃபெடரல் நீதிமன்றத்தில் விடுதலையான செயலை இனி வரம்புக் கணக்கில் சேர்க்க முடியாது. குற்றச்சாட்டாகவே வராத செயல்கள் மட்டும் இன்னும் கணக்கில் இருக்கின்றன. ஒரு குற்றச்சாட்டைச் சந்தித்து ஜெயித்தவருக்கு இன்று பாதுகாப்பு உண்டு. அதைச் சந்திக்கும் வாய்ப்பே கிடைக்காதவருக்கு அவருடைய வக்கீல் எழுதும் ஆட்சேபம்தான் பாதுகாப்பு.