ஏடு பார்த்தவர்களின் அடக்கம்

காப்பியம் செய்யப் புகும் புலவர் நூலின் முகப்பிலே அவையடக்கம் கூறுவது தமிழ் நாட்டில் நெடுங்காலமாக வந்த வழக்கம். கம்பரும் சேக்கிழாரும் அதற்கு விலக்கல்லர். ஆயினும் அது செய்யப்போகும் காரியத்தைப் பற்றிய பணிவு. காரியத்தைச் செய்து முடித்து, பட்டமும் பிரசித்தியும் வந்து சேர்ந்த பிறகு, தாம் செய்ததை ஒருவர் எந்தக் கண்ணோடு நோக்குகிறார் என்பது அதனினும் கடினமான பரீட்சை. அந்தப் பரீட்சையில் தேறியவர்களை, பழைய ஏட்டுச் சுவடிகளை அச்சேற்றிய பதிப்பாசிரியர்களிடையே நான் காண்கிறேன். அவர்களுள்ளும் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்களின் சரித்திரமே முதலில் நினைவுக்கு வருகிறது.

1880-ஆம் வருஷம் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தபோது ஐயரவர்களுக்கு வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருஷக்கணக்கில் பாடம் கேட்டவர். திருவாவடுதுறை ஆதீனத்தில் வித்துவான்களோடு பழகியவர். அக்டோபர் மாதத்தில், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவ, அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ், உலா, தூது, புராணம் என்று தாம் கற்றவற்றையெல்லாம் இளைஞர் அடுக்கிக்கொண்டே போனார். கேட்டவர் முகத்தில் வியப்பின் சாயைகூட எழவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவர் மேலும் கேட்டபோது, இல்லையென்றே சொல்ல வேண்டியிருந்தது. இந்த நிகழ்ச்சி நமக்குத் தெரிவதெல்லாம் ஐயரவர்களே எழுதியதனால்தான். தமிழுலகம் முழுவதும் அவரைத் தெய்வம்போல் போற்றிய முதுமையில், ஆனந்த விகடனில் வாரந்தோறும் ‘என் சரித்திரம்’ எழுதி வந்தபோது, தம் இளமைப் பெருமிதம் சரிந்த அந்தச் சந்திப்பை அவர் ஒளிக்கவும் இல்லை, இரண்டு வரியில் கடந்துவிடவும் இல்லை. விரிவாக, அந்த ஏமாற்றத்தின் கசப்பு முதற்கொண்டு எழுதி வைத்தார்.

முதலியார் கொடுத்த கையெழுத்துப் பிரதியைப் பிரித்தபோது, அதுவரை கற்ற கல்வி உதவிக்கு வரவில்லை. சிந்தாமணி சமண காப்பியம். அதன் பரிபாஷைகளையும் கொள்கைகளையும் சைவ மடத்துப் பாடம் சொல்லிக் கொடுத்ததில்லை. கல்லூரியில் மாணவர்க்குப் பாடஞ்சொல்லும் ஆசிரியர், கும்பகோணத்துச் சைனர் வீடு தேடிச் சென்று, சந்திரநாத செட்டியாரையும் வீடூர் அப்பாசாமி நயினாரையும் அடுத்து, ஐயம் கேட்டுத் தெளிந்தார். ஒரு நாள் அங்கே போனபோது வாயிலில் தோரணங்கட்டி வீடு விசேஷக்கோலம் கொண்டிருந்தது. விசாரித்ததில், அன்று சிந்தாமணி வாசிப்புப் பூர்த்தியாயிற்று என்று தெரிந்தது. வித்துவான்கள் ஏறெடுத்தும் பாராதிருந்த நூலை அவ்வீட்டார் பக்தியோடு பாராயணம் செய்து வந்திருக்கிறார்கள்! தாம் பெற்ற பாண்டித்தியத்தை வாயிற்படிக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போகும் மனம் அவருக்கு வாய்த்திராவிட்டால், 1887-இல் சிந்தாமணி அந்த வடிவத்தில் வெளிவந்திராது என்றே நான் உறுதியாக எண்ணுகிறேன்.

இனி, அந்தத் தொழிலின் இயல்பையும் சற்று அருகிருந்து பார்க்க வேண்டும். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேற்றுமை தோன்றாது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். செய்யுள் இங்கே முடிந்தது, உரை இங்கே தொடங்கிற்று என்று அறிவிக்க இடைவெளியும் விடப்பட்டிராது. ஓரம் செல்லரித்தும் நடுவே இராமபாணம் துளைத்தும் கிடக்கும் ஏட்டை ஒருவர் படிக்க, பிறர் வேறு பிரதிகளை வைத்துக்கொண்டு பாடபேதங்களைக் குறிப்பார்கள். நேற்றுச் சரியென்று துணிந்த பாடத்தை இன்று கிடைத்த ஓர் ஏடு பொய்யாக்கிவிடும். இத்தொழிலில் அடக்கம் என்பது உபசார வார்த்தையன்று. வேலை செய்யும் முறையே அதுதான்.

பத்துப்பாட்டை ஆராய்ந்த காலத்தில், குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர்ப் பெயர்களுள் சில, கையிலிருந்த ஏடுகளில் காணப்படவில்லை. பொருள் ஓரளவு தொடர்ந்து செல்லும் இடமாதலால், கிடைத்தது போதுமென்று விட்டிருந்தாலும் குறை கூறுவார் இலர். அவரோ அந்தப் பூக்களுக்காக அலைந்தார். தருமபுரம் மடத்திலே பழைய சுவடிகளைப் புரட்டிப் பார்த்தபோது, உதிர்ந்துபோன அப்பெயர்கள் ஓர் ஏட்டில் முழுமையாகக் கிடைத்தன. நூல் 1889-இல் வெளிவந்தது.

அதன்பின் சிலப்பதிகாரம் 1892-லும், புறநானூறு 1894-லும், மணிமேகலை 1898-லும் வந்தன. இவற்றுள் ஒன்றே ஒன்று போதும், ஒருவர் பெயர் நிலைப்பதற்கு. 1906-இல் அரசாங்கத்தார் மகாமகோபாத்தியாயப் பட்டம் அளித்தனர். பாரதியார் வாழ்த்திப் பாடினார். அடுத்த வருஷமே சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு வந்தது. முதற் பதிப்பை அப்படியே மறுபடியும் அச்சிட்டிருந்தாலும் மக்கள் வாங்கியிருப்பார்கள். அவரோ, இடையிலே சேர்ந்த ஏடுகளையும் விளங்கிய செய்திகளையும் கொண்டு, தமக்குப் புகழ் தேடித் தந்த அந்த நூலையே திரும்பவும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்.

இந்தப் பண்பு அவரோடு தோன்றியதென்று சொல்ல மாட்டேன். சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரும், வீரசோழியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றியவருமாகிய யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையவர்களும், ஏடுகள் அழிந்துபோவதைப் பற்றித் தம் பதிப்புரையில் வருந்தி எழுதினார்களேயன்றித் தம் பெருமையை எழுதவில்லை.

ஐயரவர்கள் தம் வரலாற்றுக்கு முன்பு ஆசிரியர் வரலாற்றையே எழுதினார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம் 1933, 1934-ஆம் வருஷங்களில் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. அப்பொழுது அவருக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. 1937-இல், எண்பத்திரண்டாம் வயதில், குறுந்தொகையை வெளியிட்டார். அந்நூலை 1915-லேயே சௌரிப்பெருமாள் அரங்கனார் உரையெழுதிப் பதிப்பித்திருந்தார். பேராசிரியர் செய்த பழைய உரையோ மறைந்துவிட்டது. ஏடுகளை மறுபடியும் ஒப்புநோக்கி, ஒவ்வொரு செய்யுளுக்கும் தாமே உரை வரைந்து, பதம் பதமாக விளக்கி, ஒப்புமைப் பகுதிகளைத் திரட்டிச் சேர்த்தார். 1942-இல் அவர் காலமான மறுவருஷம், அவர் பெயரால் சென்னையில் நூல் நிலையம் நிறுவப்பெற்றது. அவர் சேர்த்த சுவடிகள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. அச்சிட்ட பாடத்தில் ஐயமுற்றவர் எவரும் அங்கே சென்று ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.