மண்ணைக் கேட்கும் கருவி: பெல் முதல் அலிபிரி வரை

2003 அக்டோபர் 1 அன்று, திருமலை பிரம்மோற்சவத்தில் பட்டு வஸ்திரம் சமர்ப்பிக்கச் சென்றுகொண்டிருந்த அன்றைய ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவின் வாகன அணி, அலிபிரி அருகே கிளேமோர் வகைக் கண்ணிவெடிகளால் தாக்கப்பட்டது. மக்கள் யுத்தக் குழுவினர் நடத்திய அத்தாக்குதலில் அவர் காயங்களுடன் உயிர்தப்பினார். இத்தகைய நிகழ்வுகளை அடுத்து எழும் வழக்கமான கேள்வி, இன்னும் சிறந்த உலோகம் கண்டறியும் கருவி கிடைக்காதா என்பது. அக்கருவியின் வரலாறோ வேறொரு கேள்வியை முன்வைக்கிறது: எந்த நிலத்தில், எந்தப் பொருளுக்கு, எந்தக் கருவி?

1881 ஜூலையில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, அவர் உடலில் தங்கிய குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் மின்தூண்டல் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். ஆய்வுக்கூடத்தில் பழுதின்றி இயங்கிய அக்கருவி நோயாளியின் படுக்கையருகே குழம்பியது. மெத்தைக்குள் எஃகுக் கம்பிச்சுருள்கள் இருந்தன. மருத்துவரோ உடலின் வலப்பக்கத்தை மட்டுமே தேட இசைந்தார். பிணக்கூராய்வில் குண்டு இடப்பக்கம் இருந்தது தெரியவந்தது. கருவி செம்மையானதாயினும் தேடிய களம் கணக்கில் கொள்ளப்படவில்லை.

களத்தின் குறுக்கீட்டையே பயனாக மாற்றியவர் கெர்ஹார்ட் ஃபிஷர். ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா சென்ற அவர், வானொலித் திசைகாட்டிகள் கனிமப் பாறைகள் உள்ள இடங்களில் பிழைபடுவதைக் கவனித்தார். அந்தப் பிழையே செய்தி என்று கண்டு உருவாக்கிய கருவிக்கு 1937இல் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரில் போலந்து அதிகாரி யூசெஃப் கோசாட்ஸ்கி வடிவமைத்த கண்ணிவெடி காணும் கருவி, 1942இல் எல் அலமைன் பாலைவனத்தில் பிரித்தானியப் படைக்கு வழி திறந்தது. அதே ஆண்டைச் சேர்ந்த ஜெர்மானிய ஷூமினே 42 மரப்பெட்டியில் அடைக்கப்பட்டது. கருவி உலோகத்தைத் தேடியதால், வெடி உலோகத்தைக் குறைத்துக்கொண்டது.

இன்றைய கருவிகளைப் பொதுவாக இரு குடும்பங்களாகப் பகுக்கலாம். தாழ் அலைவெண்ணில் இடையறாது இயங்குபவை உலோக வகைகளை ஓரளவு பிரித்துணரும். ஆனால் இரும்புத் தாது செறிந்த செம்மண்ணிலும் உப்பு ஊறிய கடற்கரையிலும் மண்ணே ஒலியெழுப்பிக் குழப்பும். துடிப்புத் தூண்டல் கருவிகள் அம்மண்ணின் இரைச்சலைப் பெரிதும் தாங்கும். ஆணியையும் காசையும் வேறுபடுத்துவதில் பின்தங்கும். பெரிய சுருள் ஆழம் தரும். சிறிய சுருள் அருகருகே கிடக்கும் சிறு பொருள்களைத் தனித்தனியே காட்டும். ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்கவேண்டிய இந்நிலையால்தான் எல்லா நிலத்துக்கும் ஏற்ற கருவி என்று ஒன்றில்லை.

இதைத் தமிழ் நிலத்தில் மிகக் கடுமையாக உணர்த்தியது ஈழத்தின் வடபகுதி. 2002 போர்நிறுத்தத்துக்குப் பின்னும் 2009இல் போர் முடிந்த பின்னும், முகமாலை முதலிய இடங்களில் மிதிவெடி அகற்றுவோர் இரட்டைச் சிக்கலை எதிர்கொண்டனர். புலிகளின் ஜொனி 95 மரப்பெட்டி மிதிவெடி. அதில் உலோகம் மிகக் குறைவு. சுற்றியுள்ள மண்ணிலோ எறிகணைச் சிதறல்கள் நிறைந்து கிடந்தன. கருவியின் உணர்திறனைக் கூட்டினால் ஒவ்வொரு சிதறலுக்கும் ஒலிக்கும். குறைத்தால் மிதிவெடி தப்பிவிடும். எனவே மென்மையான மணற்பாங்கான இடங்களில் பணியாளர்கள், நீண்ட கைப்பிடியுள்ள வறண்டியால் மேல்மண்ணை அடுக்கடுக்காக வாரித் தேடும் முறையைக் கையாண்டனர். அங்கு நிலத்துக்கு ஏற்ற கருவி, மின்னணு ஏதுமற்ற ஓர் உழவுக்கருவியின் உறவாக அமைந்தது. மீளக்குடியேறிய குடும்பங்கள் விறகு பொறுக்கவும் கிணறு தூர்வாரவும் அத்தேர்வின் செம்மையையே நம்பவேண்டியிருந்தது.

இந்த அறிவோடு அலிபிரிக்குத் திரும்பினால் மலைப்பாதையின் கடினம் விளங்கும். கிளேமோர் வகை வெடி மிதிபடக் காத்திருப்பதன்று. ஒருபுறமாக நின்று உலோகத் துண்டுகளை வீசுவது. அதில் உலோகம் தாராளமாகவே உண்டு. ஆனால் சாலையோரத் தடுப்புகள், பாலங்களின் உட்கம்பிகள், எறியப்பட்ட மூடிகள் ஆகியவற்றுக்கிடையே அவ்வுலோகத்தைத் தனித்தறிவது அரிது. திருப்பதி–திருமலைச் சாலையோரத்தில் புவியியலாளர் போற்றும் பாறை இடைவெளி ஒன்று உண்டு: கீழே பழைய கருங்கல், மேலே பன்னூறு கோடி அல்ல, ஏறத்தாழ 80 கோடி ஆண்டுகள் பிந்திய குவார்ட்சைட். ஒரே பயணத்தில் நிலத்தின் இயல்பே மாறிவிடுகிறது. அங்கே கருவியோடு, கிளறிய மண்ணையும் மறைந்தோடும் கம்பியையும் காணும் பழகிய கண்ணும் மோப்ப நாயும் சேர்ந்தே தேடவேண்டும்.

அலிபிரிச் சோதனைச் சாவடியில் களம் மண்ணன்று, மக்கள் திரள். தாலி, கொலுசு, சாவிக்கொத்து, ஏழுமலையானுக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் முடிந்த காசு என ஒவ்வொரு அடியாரும் உலோகம் சுமந்தே வருகிறார். அனைத்துக்கும் ஒலிக்கும் வாயில் எதையும் சொல்லாத வாயில்; எதற்கும் ஒலிக்காததும் அவ்வாறே. எந்த அளவில் ஒலிக்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கருவியன்று; களத்தை அறிந்த மனிதர். ஒலித்தபின் முடிப்பு எது, ஆபத்து எது எனப் பிரித்தறியும் பொறுப்பும் அவருடையதே.