வேளாண்மைக் கல்லூரியிலிருந்து காவல் தலைமைக்கு

தல்லாகுளத்திலிருந்து மேலூர் செல்வோர், யானைமலைக்கருகே ஒத்தக்கடையை அடுத்து வேளாண்மைக் கல்லூரியைக் காண்பர். 1965ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அக்கல்லூரியில் பயின்ற ஒருவர் பின்னாளில் தமிழகக் காவல்துறையின் தலைமை இயக்குநரானார் என்பதை நம் இளைஞருள் பலர் அறியார். அவர்தாம் சைலேந்திரபாபு.

1962இல் குமரி மாவட்டத்தில் பிறந்த அவர், விளவங்கோடு அரசுப் பள்ளியில் படித்து, மதுரையில் வேளாண்மைப் பட்டமும் கோவையில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். 1987ஆம் ஆண்டு அணியில் இந்தியக் காவற்பணிக்குத் தேர்வானார். பயிரைப் பற்றிக் கற்றவருக்குக் காவற்பணி எவ்வாறு கிடைத்தது என வியக்க வேண்டா. அத்தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டமே போதும். இதனை அறியாமலே வயது வரம்பைக் கடந்துவிட்ட பட்டதாரிகள் நம் தெருக்களில் உண்டு. அவர் எழுதிய 'நீங்களும் ஐ.பி.எஸ். அதிகாரி ஆகலாம்' என்னும் நூலை நம் இளைஞர்கள் தேடிப் படித்தல் வேண்டும்.

மாவட்டக் கண்காணிப்பாளராகவும் கோவை மாநகரக் காவல் ஆணையராகவும் இருந்தபின், கடலோரப் பாதுகாப்புக் குழுமம், சிறைத்துறை, இரயில்வே காவல், தீயணைப்பு மீட்புப் பணித்துறை ஆகியவற்றின் தலைமை வெவ்வேறு காலங்களில் அவரிடம் வந்தது. இவற்றுள் சிறையும் தீயணைப்பும் காவல்துறையின் கிளைகள் அல்ல. உள்துறையின் கீழுள்ள தனித்துறைகள். காவலர் ஒருவனைக் கைது செய்து நடுவர்முன் நிறுத்துகிறார். அதன்பின் அவன் கழிக்கும் நாள்களை அவர் காண்பதில்லை. சிறைத்துறைத் தலைவரோ அதனைக் கண்டே ஆகவேண்டும். இரு பக்கமும் கண்ட அதிகாரிகள் சிலரே. பணிக்கிடையே, காணாமற்போகும் குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டமும் பெற்றார்.

2021 ஜூன் 30 அன்று காவல்துறைத் தலைமையை ஏற்றார். காவலர்க்கு வார விடுமுறை அளிக்குமாறு அவ்வாண்டே அறிவுறுத்தினார். 2022இல் சென்னையில் காவலிலிருந்த இளைஞர் ஒருவர் இறந்தபின், விசாரணைக் கைதிகளை இரவில் காவல் நிலையத்தில் வைத்து விசாரித்தலாகாது என்று ஆணையிட்டார். இரவில் அழைத்துச் செல்லப்பட்ட மகனுக்காகக் காவல் நிலைய வாசலில் விடியுமளவும் காத்திருந்த தாய்மாருக்கு இவ்வாணையின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும் அவர் காலத்தின் கடினமான வழக்கு வேறொன்று. 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரியவந்தது. 2023 ஜனவரியில் அவ்வழக்கைக் குற்றப் பிரிவு குற்றப் புலனாய்வுத் துறைக்கு மாற்றினார். அவ்வாண்டு ஜூன் 30 அன்று அவர் ஓய்வு பெற்றபோதும் குற்றவாளி யார் என்பது வெளிப்படவில்லை. இதில் அவர் ஒருவரையே குறை கூறுதல் நேர்மையாகாது. ஆனால் நான்கு துறைகளை நடத்தித் தேர்ந்தவரின் தலைமையிலும் ஒரு சிற்றூரின் தண்ணீருக்கு விடை கிடைக்கவில்லை என்பதை மறைத்து எழுதவும் நம்மால் இயலவில்லை. 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. அதில் குற்றம் சாட்டப்பட்ட மூவரும் வேங்கைவயல் ஆதிதிராவிடர்களே. அவ்வூர் மக்கள் அதனை ஏற்கவில்லை.